சாத்தாங்காட்டுச் சாலையில் ஒரு வாயில்லா ஜீவன்

சென்னைத் துறைமுகத்தை விட்டு, கடலை வலப்புறமாக வைத்துக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்கிறவர் முதலில் காண்பது இராயபுரம். அடுத்து வருவது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். பின்னர் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், அதற்கும் அப்பால் எண்ணூர். திருவொற்றியூரில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பி, புகைவண்டிப் பாதையைக் கடந்து சென்றால் சாத்தாங்காடு நம்மை எதிர்கொள்ளும். 2011ஆம் ஆண்டு திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது இவ்வூரும் மாநகரின் ஒரு பகுதியாயிற்று. பெயரில் காடு இன்னும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ இரும்புக் காடு.

ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்த இரும்பு வாணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுவர வேண்டும் என்று கருதி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இங்கே ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் இரும்பு எஃகுச் சந்தையை அமைத்தது. கம்பி, தகடு, குழாய், ஆங்கிள், சேனல், யானைக் காலைப்போல் பருத்த தகட்டுச் சுருள் என்று இரும்பு எத்தனை உருவம் எடுக்குமோ அத்தனை உருவத்தையும் இங்கே காணலாம். மேற்கு வானில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரியும். சாலையிலோ, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும் சந்தைக்கு வரும் டிரெய்லர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

இந்தச் சந்தையில் பாரம் ஏற்றுவதை நின்று பார்ப்பது எனக்குப் பழக்கம். கிரேன் இறக்கிய கம்பிக் கட்டை லோடுமேன்கள் ஒருபுறமும் சாயாமல் நடுவில் நிறுத்துவார்கள். உருளக்கூடிய சுருளுக்கு முன்னும் பின்னும் மர ஆப்பு வைப்பார்கள். குறுக்கே சங்கிலி போட்டு, இருவர் மூவராகச் சேர்ந்து இழுத்து இறுக்குவார்கள். வண்டிக்கு வெளியே நீளும் கம்பியின் நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். இவ்வளவும் முடிந்த பின் ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு சங்கிலியையும் கையால் அசைத்துப் பார்ப்பார். அதன் பின்னரே ஓட்டுநர் ஏறி அமர்வார்.

உயிரில்லாத இரும்புக்கு இத்தனை கவனம். உயிருள்ள ஒரு ஜீவனை நான் எப்படி ஏற்றிச் சென்றேன் என்பதை அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை. இதனை எழுத வெட்கமாக இருந்தாலும், நம் பங்குகளில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் பல இருப்பதால், என் பிழை பிறருக்குப் பாடமாகட்டும் என்று துணிந்தேன்.

வேப்பேரிக்குப் போகும் வழி

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. சாதி நாயன்று, தெருவில் பிறந்து, ஒரு மழை நாளில் எங்கள் படிக்கட்டில் ஒண்டிய குட்டி. இப்போது 18 கிலோ எடையுள்ள காவற்காரன். ஆண்டுக்கு ஒரு முறை அவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். வடசென்னை மக்களுக்கு இதற்கெல்லாம் நினைவுக்கு வருவது வேப்பேரிதான். 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்த மருத்துவமனையும் அங்கே இருக்கின்றன. காலை வேளையில் அதன் வாயிலில் நின்றால், மடியில் பூனையோடு வந்த மூதாட்டியையும், ஆட்டோவில் ஆட்டுக்குட்டியோடு வந்திறங்கும் குடும்பத்தையும் காணலாம்.

சாத்தாங்காட்டிலிருந்து வேப்பேரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்துவிட்டது என்றாலும், அதில் நாய்க்கு இடமில்லை. ஆகவே கார், அல்லது ஆட்டோ. எங்களிடம் பழைய சிறிய கார் ஒன்று உண்டு. அதை வாங்கிய அன்றே கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வந்தோம். முன்கண்ணாடிக்குக் கீழே தேவமாதாவின் சிறு சுருபமும் இருக்கிறது.

சென்ற ஆண்டு சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். நான் ஓட்டினேன். என் மனைவி முன்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். பத்து வயது மகள் பின்னிருக்கையில் சீட் பெல்ட் அணிந்து அமர்ந்திருந்தாள். அவளருகே மணி. அவனுக்குக் கட்டு ஏதுமில்லை. பின் கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டிருந்தோம். அவன் முன்கால்களைக் கதவின்மேல் வைத்து, தலையை வெளியே நீட்டி, காற்றில் காது படபடக்க வந்துகொண்டிருந்தான். அதைப் பார்த்துச் சாலையில் செல்வோர் சிரித்தார்கள், நாங்களும் மகிழ்ந்தோம்.

சந்தையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். முன்னே சென்ற டிரெய்லருக்குக் குறுக்கே சைக்கிள் ஒன்று வந்துவிட, அது சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். என் வேகம் 30 கிலோமீட்டருக்கு மேல் இராது. கார் நின்றுவிட்டது, மணி நிற்கவில்லை. பின்னிருக்கையிலிருந்து வீசப்பட்டவனாக, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே பாய்ந்து கியர்த் தண்டில் மோதி விழுந்தான். வழியில் அவன் உடல் என் இடக்கையில் அறைந்ததால் ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திரும்பிற்று. டிரெய்லரிலிருந்து பின்னால் நீண்டிருந்த கம்பிகளின் சிவப்புத் துணி, எங்கள் கண்ணாடிக்கு ஒரு முழத் தொலைவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்புத் துணியை இன்றும் கனவில் காண்கிறேன்.

மகளுக்கு ஒன்றும் நேரவில்லை. பெல்ட் அவளைக் காத்தது. மணியோ வலது முன்காலைத் தூக்கிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் அலறினான். தூக்கப்போன என்னையே கடிக்க வந்தான். வலியில் இருக்கும் நாய் தன் எசமானனையும் கடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர் சந்தையில் வேலை செய்யும் லோடுமேன், ஐம்பது வயதிருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மூச்சுக்குத் தடையில்லாதபடி மணியின் வாயைச் சுற்றி மெல்லக் கட்டினார். தேநீர்க் கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தார். அதன்மேல் அவனைக் கிடத்தி, அட்டையோடு தூக்கிக் காரின் பின்புறம் வைத்தார்கள். பிறகு அந்த லோடுமேன் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பொண்ணுக்குப் பெல்ட் போட்டிருக்கீங்களே சார், நாயை ஏன் கட்டலை?”

“வாயில்லா ஜீவன், பாவம். கட்டிப் போட மனம் வரவில்லை” என்றேன்.

“நாங்க கம்பியைச் சங்கிலி போட்டுக் கட்டறமே, அது ஓடிப்போயிடும்னா கட்டறோம்? வண்டி நிக்கும் சார், பாரம் நிக்காது” என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நிற்காத பாரம்

அவர் சொன்னது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாடந்தான். ஓடும் வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி நின்றாலும், பிடித்து நிறுத்த ஒன்றில்லாத பொருள் முன்னோக்கியே செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பொருள் எதன்மேலாவது மோதினால், அது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் வேகமாயின், ஏறத்தாழ 10 மீட்டர் உயரம். மூன்றாம் மாடியிலிருந்து விழுவதுபோல. மணியை என்றாவது மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏற்றி நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். ஆயினும் அந்த உயரத்தின் விளிம்பில்தான் ஒவ்வொரு பயணத்திலும் அவனை நிறுத்தியிருக்கிறேன்.

வீழ்வது அவன் மட்டுமல்லன். 18 கிலோ எடையுள்ள உடல் பின்னாலிருந்து வந்து மோதினால், முன்னால் இருப்பவரின் கழுத்துக்கு என்ன ஆகும்? நாயைக் கட்டாத குற்றத்துக்கு நாயோடு சேர்த்து மனைவி மக்களையும் பலியிட நேரும். இதனை அறிந்தே பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு, தன் 57ஆம் விதியில், வண்டியில் செல்லும் நாயைத் தக்க முறையில் கட்டிவைக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

வேப்பேரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், மணியின் முன்கால் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டு, ஆறு வாரம் ஓட விடக்கூடாது என்றார்கள். “இதோடு தப்பியது” என்று மருத்துவர் சொன்னார். அவரிடம் அன்று கேட்டறிந்ததையும், பின்னர் நானாகத் தேடிக் கற்றதையும் இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

நாய்க்குரிய இடம் பின்னிருக்கையே. முன்னிருக்கை ஆகாது, ஓட்டுநரின் மடி அறவே ஆகாது. இக்காலத்துக் கார்களில் விபத்தின்போது முன்னால் விரியும் காற்றுப்பைகள் மனித உடலின் அளவுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் அவற்றின் அடியைச் சிறு பிராணி தாங்காது.

நாயைக் கட்டுவது என்றால் கழுத்துப் பட்டையில் கட்டுவது அன்று. அப்படிக் கட்டினால், பிரேக் போட்டவுடன் முழு விசையும் கழுத்தில் இறங்கும். மார்பையும் தோளையும் சுற்றி வரும் அகன்ற கச்சையைத்தான் அணிவிக்க வேண்டும். ஹார்னஸ் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். அதன் முதுகுப்புற வளையத்தை, சீட் பெல்ட்டின் கொளுவியில் மாட்டும் குட்டை வார் ஒன்றால் இணைக்க வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் முடிய வேண்டும். இருக்கையை விட்டு முன்னே வரவோ கீழே விழவோ முடியக்கூடாது. வாரின் நீளத்துக்கு இதுவே அளவு. நடைக்குக் கூட்டிச் செல்ல விற்கும் மெல்லிய கச்சைகளை நம்ப வேண்டாம். 2013இல் அமெரிக்காவில், நாய் உருவப் பொம்மைகளுக்குக் கச்சைகளை அணிவித்து மோதச் செய்து சோதித்தபோது, பாதுகாப்பானவை என்று விற்கப்பட்டவற்றிலேயே பல அந்த மோதலைத் தாங்கவில்லை. தைப்பு வலுவாகவும் பட்டை அகலமாகவும் கொக்கி உலோகத்தாலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம். சிறு நாயாயின் உறுதியான கூண்டில் வைத்து, அந்தக் கூண்டையும் கட்டிவைக்கலாம். கட்டாத கூண்டு மற்றுமொரு பாரமே.

கண்ணாடியை மூக்கு நுழையும் அளவுக்கு இறக்கினால் போதும். காற்றில் தலையை நீட்டும் நாயின் கண்ணிலும் காதிலும் சாலைப் புழுதி படும். எங்கள் ஊரில் வெறும் புழுதி மட்டுமா பறக்கிறது? லாரிகளிலிருந்து உதிரும் துருவும் இரும்புத் தூளும் சேர்ந்தே பறக்கின்றன. உரசிச் செல்லும் இருசக்கர வண்டிகளின் கைப்பிடியும் உண்டு. கண்ணாடிப் பொத்தானை நாயின் கால் தவறி அழுத்திவிடாதபடி, ஓட்டுநர் பக்கத்துப் பூட்டைப் போட்டுவைப்பதும் அவசியம்.

புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவு கொடுத்து முடித்துவிட வேண்டும். வயிறு நிறைந்த நாய் வாந்தி எடுக்கும். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். நெடும்பயணமாயின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, வார் பிடித்து இறக்கி, நடக்கவிட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். கதவைத் திறக்கும் முன் வாரைக் கையில் பிடித்துக்கொள்வது முதல் விதி. நெடுஞ்சாலையில் திறந்த கதவு வழியே குதித்தோடிய நாயை உயிரோடு காண்பது அரிது.

இவற்றை ஒரே நாளில் நாய் ஏற்றுக்கொள்ளாது. மணிக்குக் கால் ஆறிவந்த நாட்களில், கச்சையை முதலில் வீட்டுக்குள்ளேயே அணிவித்துப் பழக்கினோம். பிறகு நிறுத்திய காரில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, ஒரு துண்டு ரொட்டி கொடுத்தோம். பிறகு தெருவை ஒரு சுற்று. முதல் இரண்டு நாள் வாரைக் கடித்தான். மூன்றாம் நாள் படுத்து உறங்கினான். இருபுறமும் சரியாமல் பிடிமானத்தோடு அமர்ந்தபின் அவனுக்கு முன்பிருந்த பதற்றமும் குறைந்தது.

இராயப்பர் கோவில் வாசலில்

ஆறு வாரம் கழிந்து, கால் கட்டைப் பிரிப்பதற்காக மீண்டும் வேப்பேரிக்குச் சென்றோம். அது கத்திரி வெயில் காலம். திரும்பும் வழியில், மணியின் கால் நன்றாகக் கூடியதற்கு நன்றி செலுத்த வேண்டும் என்று மனைவி விரும்பியதால் இராயபுரம் சென்றோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி புறப்பட்ட நிலையம் இருப்பது இந்த ஊரில்தான். அதற்கும் முன்பே, கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய படகோட்டி மக்கள், தங்கள் உழைப்பின் காசால் புனித இராயப்பருக்கு இங்கே ஆலயம் எழுப்பினார்கள். ஊரின் பெயரும் இராயப்பரின் பெயராலேயே வழங்குகிறது என்பர்.

நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. கோவில் அருகே காரை நிறுத்தினேன். “மணி உள்ளேயே இருக்கட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம்” என்றேன். மகள் இறங்கவில்லை.

“அப்பா, ஐந்து நிமிடந்தானே? அப்படியென்றால் நானும் மணியோடு உள்ளேயே இருக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம், வெந்துவிடுவாய்!” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சொன்ன வாய் அப்படியே நின்றது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. பாதங்களின் அடியில் சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள காற்றே சூடாகிவிட்டால் அந்த இளைப்பினால் பயனில்லை. 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காரை அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் சூடு கூடிற்று. அதில் ஐந்தில் நான்கு பங்கு, முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்ததால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. அவர்கள் அளந்த நாட்களில் சில நம் மார்கழி நாட்களைவிடக் குளிர்ந்தவை. அப்படியானால் நம் கத்திரி வெயிலைச் சொல்ல வேண்டுமோ?

நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. விடாத இளைப்பு, கெட்டியாக ஒழுகும் எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். மூக்கு சப்பையான பக் போன்ற நாய்களும், கிழநாய்களும், பருத்த நாய்களும் பிறவற்றைவிட விரைவில் வீழும். அறிகுறி கண்டவுடன் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறியால் வீச வேண்டும். ஈரத் துணியால் போர்த்தி மூடிவைத்தல் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர்வித்து, அதன் பின்னரே மருத்துவரிடம் கொண்டு ஓட வேண்டும்.

அன்று நாங்கள் மணியைக் காரில் விடவில்லை. மனைவியும் மகளும் முதலில் உள்ளே சென்றார்கள். நான் அவனோடு வெளியே நிழலில் நின்றேன். அவர்கள் வந்தபின் நான் சென்றேன். அன்று அந்த ஆலயத்தில் நான் செய்த செபம் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்பதாகவே இருந்தது.

கார் இல்லாதவர்க்கும் ஒரு சொல்

“காரும் கச்சையும் எங்களுக்கு ஏது?” என்று கேட்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல. அவர்களுக்கும் ஒரு சொல். இருசக்கர வண்டியின் கால்வைக்கும் பலகையில் நாயை நிறுத்திச் செல்வது நம் தெருக்களில் அன்றாடக் காட்சி. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் இது பேராபத்து. நாய் ஒரு பூனையைக் கண்டு துள்ளினால் வண்டியே சாயும். ஆட்டோவில் செல்வது மேல். இருக்கையின் நடுவில் நீங்கள் அமர்ந்து, நாயைத் தரையில் உங்கள் இரு கால்களுக்கிடையே உட்கார வைத்து, வாரைக் குட்டையாகச் சுருட்டிக் கையில் பிடியுங்கள். வாரை ஆட்டோவின் கம்பியில் கட்டாதீர்கள். நாய் வெளியே குதித்தால் தூக்கில் தொங்கும். மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்க்கட்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

வாயில்லாதவற்றைத் துன்புறும் வகையில் ஏற்றிச் செல்வது நம் நாட்டில் குற்றமும் ஆகும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அதனைச் சொல்கிறது. அதன்கீழ் 1978இல் வகுக்கப்பட்ட விதிகள், பயணத்திலிருக்கும் நாய்க்குக் கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீர் காட்ட வேண்டும் என்கின்றன.

“மனிதருக்கே பாதுகாப்பில்லாத ஊரில் நாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?” என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். திருச்சபையின் மறைக்கல்வி நூலும், ஏழை மனிதருக்குச் சேர வேண்டிய பொருளை விலங்குக்காகச் செலவழிப்பதும், மனிதருக்கே உரிய பாசத்தை அதன்மேல் பொழிவதும் தகாது என்று எச்சரிக்கிறது. ஆனால் அதே நூல், விலங்குகளும் இறைவனின் படைப்புகள் என்றும், அவற்றுக்கு வீணே துன்பம் விளைவிப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்றும் கற்பிக்கிறது. ஒரு கச்சையும் வாரும் பெருஞ்செலவன்று. அது காப்பது நாயை மட்டுமன்று. முன்னிருக்கையில் இருப்பவரையும், சாலையில் குறுக்கே வரும் சைக்கிள்காரரையும் சேர்த்தே காக்கிறது. அன்று என் ஸ்டியரிங் இன்னும் சிறிது திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ண அஞ்சுகிறேன்.

நம் மறைநூலில் தோபித்து ஆகமம் அழகிய பயணக் கதையொன்றைச் சொல்கிறது. பார்வையிழந்த தந்தையின் பொருட்டு இளைஞன் தோபியா தொலைதூரம் புறப்படுகிறான். வழித்துணையாக வானதூதர் இரபேல், மனித உருவில். கூடவே ஒரு நாய். கதையில் அந்த நாய் செய்தது என்று ஒன்றுமில்லை. புறப்படும்போது உடன் செல்கிறது; திரும்பும்போதும் உடன் வருகிறது. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது, இந்த நாயை எதற்காக எழுதினார்கள் என்று வியந்ததுண்டு. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நம்மை நம்பி உடன் புறப்பட்ட எந்த உயிரும் நம்மோடு பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். வானதூதர் வழிநடத்திய பயணத்தில் நாயும் ஊர் திரும்பிற்று.

அண்மையில் ஒரு நாள், சந்தை வழியே வரும்போது அந்த லோடுமேனைக் கண்டேன். கம்பி ஏற்றிய லாரியொன்றைச் சுற்றி வந்து சங்கிலிகளை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காரை ஓரமாக நிறுத்தி, அவருடைய துண்டுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த புதுத் துண்டைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பின் கண்ணாடி வழியே உள்ளே குனிந்து பார்த்தார். மணி கச்சையோடு எழுந்து வால் ஆட்டினான். அவர் கையை உள்ளே நுழைத்து, அவன் தலையைத் தடவவில்லை. முதலில் வாரைப் பிடித்து ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான் தலையைத் தடவினார்.

“இப்போ கிளம்பலாம் சார்” என்றார்.